செயற்கைக் காலோடு மலையேற்றம்: பாரம் தாங்கிய ஜெல் உறை

விபத்தில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது மகள் மீனா கைக்குழந்தை. அவளுக்கு மொட்டை போட்டு, நானே தூக்கிக்கொண்டு படியேறுவேன் என்று அன்றே முடிவு செய்தேன். இப்போது அவளுக்கு நாலு வயது. புரட்டாசிக் கூட்டம் வடிந்ததும் கிளம்பிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குத்தான். கிரிவலம் போகிற ஊர் இல்லை.

எங்கள் ஊர் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ, 150 ரூபாய். டிரைவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிள்ளையத் தூக்கிக்கிட்டா ஏறப் போறிய?" என்றார்.

"ஏறத்தான் போறேன்."

செயற்கைக் காலுக்கும் என் காலுக்கும் நடுவே ஒரு ஜெல் உறை உண்டு. மெதுவாக அழுத்தினால் இளகும். சட்டென்று இடித்தால் விறைத்து, அதிர்ச்சியை வாங்கிக் கொஞ்சம் சூடாக மாற்றிவிடும். ஆனால் பெரிய பாரம் நெடுநேரம் இருந்தால் அமுங்கிப்போகும். பாரத்தை எடுத்தால்தான் மெல்லப் பழைய பருமனுக்கு வரும். "நின்னு நின்னு போங்க" என்று கால் செய்தவர் சொல்லியிருந்தார். நான் நிற்கவில்லை.

அடிவாரத்தில் மொட்டை முடித்து, மீனாவைத் தோளில் வைத்து ஏறினேன். நல்ல தரிசனம். சிரமம் இறக்கத்தில்தான். ஒவ்வொரு படியிலும் என் எடையும் அவள் எடையும் ஒன்றாக வந்து இறங்கின. பாதி வழியில் எலும்பே இடிப்பது போல வலித்தது.

"அவள எங்கிட்ட குடுங்க" என்றாள் மனைவி செல்வி.

"வேண்டாம்."

அடுத்த படியில் கால் மடங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துவிட்டேன். மீனா வீறிட்டு அழுதாள். அந்த அழுகையில் என் வீம்பு போய்விட்டது. இவளைப் பத்திரமாகக் கீழே சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படி ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியிடத்தில் அதுவரை காலைக் கழற்றியதே இல்லை. கழற்றினேன். உறையின் அடிப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் காலை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"எம்புட்டு நேரம் ஆகும்ப்பா?"

"செத்த நேரம். அது உப்பி வரணும்ல."

உறை மீண்டதும் மாட்டிக்கொண்டேன். "நான் நடந்து வாரேன்" என்று அவள் என் விரலைப் பிடித்தாள். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, வலியில்லாமல் இறங்கினோம்.

செயற்கைக் காலோடு போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயிலில் ஜெல் இன்னும் இளகும். வியர்வை துடைக்கத் துண்டு வேண்டும். இறங்கும்போது பாரம் தூக்காதீர்கள். வலித்தால் அங்கேயே காலைக் கழற்றி வையுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.