மதிலுக்கு அந்தப் பக்கத் தையல் மெஷின்

போன வாரம் மஹய்யாவயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். புசல்லாவையிலிருந்து, என் மனைவி செல்வியின் அண்ணன் மடியில், ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவர். பெயர் ராஜா. ஆள் ஒரு தேங்காய் அளவு!

வந்ததிலிருந்து ஒரே அழுகை. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் செல்வியும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டில் ஃபரீதா ராத்தா – ராத்தா என்றால் அக்கா – வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஐந்து வேளையும் தொழுகிற குடும்பம், நாயென்றால் ஒதுங்கி நடப்பவர்கள். அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று, குட்டியைப் பின் அறையில் விட்டு ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனோம். மரியாதை தெரிந்தவர்கள் இல்லையா நாங்கள்?

அழுகை கூடியது. குட்டி மெலிந்தது. சனிக்கிழமை கொண்டுபோய் அண்ணனிடமே விட்டுவிடலாம் என்றாள் செல்வி. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அன்று மாலை ராத்தா என்னை கேட்டருகே நிறுத்தினார். முறைப்பாடுதான் என்று நினைத்து, மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“என்னத்துக்கு தம்பி அத உள்ளுக்குப் பூட்டி வெக்கிறீங்க? பின் வளவுல உடுங்க. நாங்க தொடுறதில்லதான்... அதுக்காக அழ உட்டுட்டு இருக்க ஏலுமா?”

தலையாட்டினேன்.

மறுநாள் அப்படியே செய்தோம். மாலை வந்து பார்த்தால் – தட்டு காலி! ராஜா மதிலோரம் நீட்டி நிமிர்ந்து தூக்கம். மதிலுக்கு அந்தப் பக்கம் கடகடவென்று தையல் மெஷின். இத்தனை வருடமும் முன் ஹாலில் இருந்த மெஷினை ராத்தா பின் ஜன்னலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே வெளிச்சம் போதாது, பகலிலும் லைட் போட்டுத்தான் தைக்க வேண்டும். தைத்தபடி குட்டியோடு பேச்சு வேறு. யார் சட்டைக்கு அவசரப்படுத்துகிறார்கள், எந்த நூல் அறுகிறது... எல்லாம் இப்போது ராஜாவுக்குத் தெரியும்.

அடுத்தவர் வழக்கத்தை மதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் மனசைக் குறைத்து எடை போட்டுவிடுகிறோமோ?

சனிக்கிழமை யாரும் புசல்லாவைக்குப் போகவில்லை. பிஸ்கட் பெட்டி குப்பை வண்டியில் போனது.

ஞாயிறன்று ராத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் நாள் முழுக்க வீட்டில்தான். கூப்பிட்டோம், கொஞ்சினோம்... ராஜா மதிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

இன்றுவரை ராத்தாவின் விரல்கூட அதன்மேல் பட்டதில்லை. ஆனாலும் வளர்க்கிறவர் அவர்தான் – நாங்கள் சும்மா சோறு போடுகிறோம்!