நடுக்கூடத்தில் ஒரு பறை

மைக் இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாட்டுப்பாட்டுப் பாடுவது, பாடத் தெரிந்தால் மட்டும் செய்துவிடக்கூடிய தொழில் இல்லை. சண்டை போடவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது நன்றாக வரும். காதுகுத்திலும் கல்யாணத்திலும் தொண்டை வறளப் பாடிவிட்டு, "சினிமா பாட்டு ஒண்ணும் தெரியாதா?" என்ற பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களுக்காக இதை எழுதுகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. பல்கலைக்கழகத்தைக் காலவரையறையின்றி மூடி, விடுதியைப் பூட்டி, எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரிலோ தடையுத்தரவு. வீட்டு விசேஷத்துக்கு மைக் செட் வைக்கப் போலீஸ் அனுமதி கிடையாது. குழாய் கட்டி ஊரை அலற வைக்க முடியாத அந்தத் துக்கத்தில்தான் ஜனங்கள் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பாட்டும் ஜால்ராவும். தனபால் புல்லாங்குழல். பழனிவேல் பறை. மூன்று பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே கள்ளக்குறிச்சி.

பழனிவேலுக்கு ஒரே ஓர் ஆசை. பறை என்றால் சாவுக்குத்தான், அதுவும் தெருவில் நின்றுதான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "ஒரே ஒரு வூட்ல நடுக்கூடத்துல உக்காந்து அடிக்கணும் வளரு. யூனிவர்சிட்டி தொறக்கறதுக்குள்ள அது நடக்கலன்னா, இத்த பரணையில போட்டுட்டுப் படிக்கப் போயிடுவேன், மறுபடி தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். நான் நடத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு வட்டத் தோலை ஒரு வாசற்படிக்கு உள்ளே கொண்டுபோவதில் அப்படி என்ன சிரமம் இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

வளைகாப்புக்கு வந்த மாலை

முதல் வீடு கள்ளக்குறிச்சியில் ஒரு கோர்ட் குமாஸ்தாவுடையது. மகளுக்கு வளைகாப்பு. வாசலிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க. அந்தத் தம்பி ஜன்னலாண்ட தெருவுல நின்னு அடிக்கட்டும். சத்தம் உள்ள வந்தா போதுந்தான?" நான் அரசியல் சட்டத்தை எடுத்து விளக்கினேன். அவர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். சட்டம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

பழனிவேல் தெருவில், நாங்கள் கூடத்தில், நடுவே ஜன்னல் கம்பி. எங்கள் பாட்டு அவனுக்குக் கேட்கவில்லை. அவன் தெருவில் போன கரும்பு வண்டி மாடுகளின் நடைக்கு அடிக்க ஆரம்பித்தான். வேறு வழியில்லாமல் நாங்களும் அதே மாடுகளின் பின்னால் பாடிக்கொண்டு போனோம். வண்டி மேட்டில் ஏறியபோது தாலாட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறியது.

இதற்குள் பறைச் சத்தம் கேட்டு அடுத்த தெருக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ரோஜா மாலையோடு விறுவிறுவென்று கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார், கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாங்குனது வாங்கியாச்சு, பூக்கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டான். புள்ளத்தாச்சிக்கே போட்டுடறேன், கொஞ்சம் நவுருங்க."

படித்த தோல்

அடுத்தது ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் வீடு. சமத்துவம் பேசுவதில் ஊரில் அவருக்கு நிகர் கிடையாது. பழனிவேலைத் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார், கையாலேயே காபி கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வைத்திருந்த பறையை எடுக்க அவன் எழுந்தபோதுதான், "ஆள் தாராளமா வரலாம் தம்பி, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்ல. ஆனா அது மாட்டுத் தோலாச்சே, வூட்ல பூஜையறை இருக்குது" என்றார்.

கூடத்து அலமாரியில், பட்டுத் துணி போர்த்தி, பொட்டு வைத்து ஒரு மிருதங்கம் இருந்தது. விடுவேனா? அதில் கட்டியிருப்பது வாழை இலையா என்று கேட்டேன். அதிலும் மாட்டுத் தோல் உண்டு என்பதை ஆதாரத்தோடு சொன்னேன். அரைமணி நேரம் வாதாடினேன். பழனிவேல் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு ஒரு முழுப் பாட்டையே முடித்துவிட்டான். தலைமையாசிரியர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், மறுக்கவேயில்லை. கடைசியில் பரிவோடு விளக்கினார்: "மாட்டுத் தோல்தாம்மா, யாரு இல்லன்னா? ஆனா அது சங்கீதம் படிச்ச தோல்."

மரத்தின்மேல் கச்சேரி

கரியாலூர் என்ற மலைக்கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. மலைக்குப் போகிற வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. பஸ் அதோடு சரி. மரத்தின்மேல் மறியல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று விசாரித்தார்கள். நான் இடஒதுக்கீட்டை ஆதரித்து அங்கேயே ஒரு சொற்பொழிவு செய்தேன். அது அவர்களுக்குச் சலிப்பூட்டியிருக்க வேண்டும். "பாட்டுக்காரங்கன்னு சொன்னியே, பாடும்மா" என்றார்கள்.

மரத்தில் ஏறி உட்கார்ந்து பாடினோம். பழனிவேல் அன்று அடித்ததுபோல் அதுவரை அடித்ததில்லை. நின்றிருந்த லாரிக்காரர்கள் ஆடினார்கள், பஸ் பயணிகள் ஆடினார்கள், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் காலால் தாளம் போட்டார். தலைவர் மாதிரி இருந்தவர் பழனிவேலின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னா கைய்யா இது" என்றார். நான் நேரம் பார்த்து, "உங்க வீட்டுக் கூடத்துல வந்து அடிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு யோசித்தார். "போராட்டம் முடியட்டும்மா. இப்பத்திக்கி கவருமெண்ட்டுகிட்டதான் கேட்டுகினு இருக்கோம். எங்க வூட்டுப் பொம்பளைங்ககிட்ட இன்னும் பேச்சுவார்த்த ஆரம்பிக்கல."

சாமை மூட்டை

கரியாலூரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பழனிவேலிடம், "உள்ளாற போய் உக்காருங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். பழனிவேல் பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து வாசலில் நுழைந்தான். நுழைந்த வேகத்திலேயே பின்பக்கமாக வெளியே வந்தான். அறுப்பு முடிந்த நேரம். கூரை வரைக்கும் சாமை மூட்டை, மிச்சமிருந்த இடத்தில் ஆடு. வீட்டிலுள்ள ஜனமெல்லாம் முற்றத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. பாட்டும் முற்றத்தில்தான் நடந்தது. மூட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி உள்ளே ஒரு பாட்டாவது பாடலாமே என்று நான் அந்த வீட்டம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேக்கற ஆளெல்லாம் வெளிய இருக்குது, நீ மூட்டைக்கா பாடப்போற?"

கெட்டிமேளம்

அடுத்த வாரம் பல்கலைக்கழகம் திறக்கிறது என்று பேப்பரில் போட்டுவிட்டான். கையிலிருந்தது ஒரே ஒரு வீடு. மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் ஒருவர் மகளுக்கு வீட்டிலேயே கல்யாணம். மறியலுக்குப் பயந்து முதல்நாளே டிராக்டரில் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டியானதும் பந்தி நேரத்தில் பாட வேண்டும். பழனிவேலுக்கு வைக்கோல் போர் பக்கத்தில் இடம். "காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது தம்பி, அங்கேந்தே நல்லாக் கேக்கும்" என்றார் பெண்ணின் அப்பா. நான் ராத்திரி வரை வாதாடியதில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

காலையில் முகூர்த்தம் நெருங்கியது. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரவேண்டிய மேளக்காரர்கள் வரவில்லை. வழியில் மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் தாலி. தாம்பாளத்தைத் தட்டிச் சமாளிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தே விட்டார்: "தட்டத் தட்டிகினு தாலி கட்ட, நாங்க இன்னா சோத்துக்கு இல்லாமயா வந்திருக்கோம்?" கூட்டத்தின் கண்கள் ஒவ்வொன்றாக வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பின. பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் ஓடினார். "உள்ள வாப்பா, ராஜா மாதிரி உக்காந்து அடிப்பா."

பழனிவேல் எழவில்லை. கோபமெல்லாம் இல்லை, ஐப்பசி மழையில் பறை நமுத்துப்போயிருந்தது. தீயில் காட்டித் தோலை இறுக்கினால்தான் சத்தம் வரும். வைக்கோல் நனைந்து கிடந்தது. சமையல் பந்தலுக்குப் போனோம். சமையல்காரர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்: "என் அடுப்பாண்ட அது வந்துச்சின்னா ஒருத்தன் பந்தியில உக்கார மாட்டான்." அந்த வீட்டில் பாக்கியிருந்த நெருப்பு ஒன்றே ஒன்றுதான். அது நடுக்கூடத்தில், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முன்னால், ஓமகுண்டத்தில் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி நெய்யைச் சேர்த்து ஊற்றிவிட்டு, "நன்னாப் பிடிச்சுண்டு எரியறது, சீக்கிரம் காட்டுப்பா" என்றார்.

பழனிவேல் ஓமகுண்டத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டினான். ஒரு கல்யாணக் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. பிறகு அடித்தான் பாருங்கள். ஓட்டிலிருந்து பல்லி விழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா தான் போட வேண்டிய முடிச்சை மறந்து வாய் பிளந்து நின்றார். இரண்டு பேர் இடித்த பிறகுதான் போட்டார்.

பந்தி முடிந்து டிராக்டரில் ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கூடத்தில் அவன் உட்கார்ந்த இடத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதை இப்போதே கேட்டுவிடுகிறேன் என்று இறங்கப் போனேன். பழனிவேல் என் பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "வுடு வளரு, கழுவட்டும். வைக்கப் போர எவனாவது கழுவுறானா பாரு. நான் கூடத்துல உக்காந்ததுக்கு அவங்களே சாட்சி சொல்லிகினு இருக்காங்க."

அதற்கப்புறம் மரங்களை அகற்றினார்கள், மைக் செட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள், மேளக்காரர்கள் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதிலிருந்து, ஒரு பறை ஒரு கூடத்துக்குள் போய்வர ஒரு மாவட்டமே சாலை மறியல் செய்தாக வேண்டும் என்று நான் ஆராய்ந்து முடிவுக்கு வந்திருக்கிறேன்.