களேபரம் பவுனம்மாள்

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பவுனம்மாளுக்கு எதற்கெடுத்தாலும் களேபரம்தான். சோறு பொங்கி அடுப்பை அணைத்தால் களேபரம். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே நுழைந்தால் களேபரம். கள்ளுக்கடை வாசலில் நாலு பேர் கட்டிப் புரண்டால் கேட்கவே வேண்டாம். "ஐயோ, ஒரே களேபரமா இருக்கே!" என்று அவள் இடுப்பில் கைவைத்து நிற்பதை வேடிக்கை பார்க்கவே கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சனம் கூடிவிடும். பெயரே களேபரம் பவுனம்மாள் என்றாகிவிட்டது.

புருஷனை மலைக்காய்ச்சல் கொண்டுபோன பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி நாகையா ஒருவன்தான். தங்கமான பிள்ளை, நேரத்தோடு எழுவது மட்டும் அவன் ஜாதகத்திலேயே இல்லை. விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கங்காணி பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் இவளே, "வந்துட்டான், பின்னால நிக்கிறான்!" என்று குரல் கொடுத்துவிடுவாள். லயத்தில் எல்லோரும் செய்வதுதான். கங்காணி சின்னையாவும் கண்டுகொள்ள மாட்டார்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் ஒருநாள், நாகையா காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் பவுனம்மாள் தாமதமாக ஓடிவந்தாள். பெரட்டில் ஒரே அழுகையும் கூச்சலும். வெள்ளைக்காரத் துரையின் பக்கத்தில் நின்று கங்காணி கூப்பிட்டார்.

"நாகையா!"

"வந்துட்டான், பின்னால நிக்கிறான்!"

பக்கத்தில் நின்ற இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ஊருக்கே திரும்பிப் போகக் கப்பலேறச் சம்மதம்னாதான் இன்னிக்குக் குரல் குடுக்கச் சொன்னாங்க. இங்கயே நிக்கிறவனுக்குப் பாதிக் கூலியாச்சும் உண்டாம்டி!"

பவுனம்மாள் கங்காணியின் காலில் விழுந்தாள். "தெரியாம சொல்லிட்டேங்க. அவன் இங்க இல்லவே இல்ல."

சின்னையா குரலைத் தாழ்த்தினார். "துரை காதுல விழுந்திருச்சு பவுனு. இத்தனை நாளும் ஆளில்லாமலே குரல் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா லயத்தையே காலி பண்ணிருவான். நான் என்ன செய்ய?"

மறுநாள் நாகையாவைத் தூக்கித்தான் லோரியில் ஏற்றினார்கள். "அக்கா, எங்க போறேன்?" என்று கேட்டான். ஒரு சத்தமில்லை, சண்டையில்லை. அவள் வாழ்க்கை மட்டும் கவிழ்ந்துபோனது. அவன் கரை சேர்ந்தானா என்றுகூடத் தகவல் இல்லை. அதற்குப் பிறகு களேபரம் என்ற வார்த்தையை யாரும் அவள் வாயிலிருந்து கேட்கவில்லை.

விலை ஏறியபோது புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பெயரும் நாகையா. ஒரு விடியலில் அவன் பெரட்டுக்கு வரவில்லை.

"நாகையா!"

குரல் கொடுக்க ஆளில்லை. கங்காணி மறுபடியும் கூப்பிட்டார். பவுனம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.