வாயில் பட்டதும் காற்றுப் பிரிந்ததும்

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் சொன்னபோது எங்களுக்கு நடுத்தர வயதுகூட ஆகவில்லை. எண்பதுகளின் கடைசி அது. எனக்கு அங்கே நூல் மில்லில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமையை நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தோம். முந்தின நாளே வந்து படுக்கச் சொன்னார்கள். ஆண்டாளைச் சேவிக்காமல் வரமாட்டேன் என்று அவள் ஒரே பிடிவாதம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சேவித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் துளசி வாசனையோடு அவள் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் செட்டியார்பட்டிக்கார நர்ஸ் ஒருவர் கேள்வி கேட்டு எழுதினார்.

"காலையில ஏதும் சாப்பிட்டீங்களாக்கா?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

நர்ஸ் எழுதவில்லை. "சரி, வாயில என்ன பட்டுச்சு?"

"வாயிலயா? தீர்த்தம் வாங்குனேன். பொறவு ஒரு கை சக்கரப் பொங்கல். அது பிரசாதம்லா!"

"பிரசாதம்னு வயித்துக்குத் தெரியுமாக்கா?" என்று நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. "மயக்க மருந்து குடுத்த பொறவு வாந்தி வந்து, அது நெஞ்சுக்குள்ள போய்த் திணறுனவங்க சீட்டையெல்லாம் ஒண்ணா எடுத்து வச்சுப் பாத்தோம். அம்புட்டு பேரும் சாப்பிடலன்னுதான் சொல்லியிருக்காங்க. வீட்டு ஆளுங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்டா, ஒருத்தருக்குப் பிரசாதம், ஒரு பாய்க்கு ஓதின தண்ணி ஒரு செம்பு. யாரும் பொய் சொல்லல. நாங்க கேட்ட கேள்விதான் சரியில்ல. அதான் மாத்திட்டோம்" என்றார்.

மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றதும் நான் குறுக்கே புகுந்தேன். "நாளைக்கு அஷ்டமி சார்."

அவள்தான் என் கையைப் பிடித்தாள். "கிருஷ்ணன் பொறந்ததே அஷ்டமியிலதான? அவிய சொல்லுதபடி செய்வோம்."

அஷ்டமியன்றே ஆப்பரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். கண்டம் தாண்டியது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி தொடங்கியது.

"காத்துப் பிரிஞ்சுச்சாக்கா?"

காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அதுவரை வாய்க்கு ஒன்றும் கிடையாது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சு" என்று முனகினாள். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, செத்த வெளிய நில்லுங்க. வீட்டுக்காரர் பக்கத்துல நின்னா பாதிப் பேரு வெக்கப்பட்டு ஆமான்னுடுதாவ. அதை நம்பிக் கஞ்சியக் குடுத்து, வயிறு உப்பி, வாந்தி எடுத்ததெல்லாம் எங்க சீட்டுல கெடக்கு. இப்பம்லாம் ஆம்பளைய வெளிய அனுப்பிட்டுத்தான் கேக்கது."

வெளியே நின்றேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னும் இல்லையாம். அவிய சாப்பிட்டாத்தான் நீங்க சாப்பிடுவீயளாம், அதுக்காகச் சொன்னாவளாம். நல்ல சோடிதான் போங்க!"

உண்மைதான். அவள் பட்டினி கிடக்கையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் வயிறு உப்பியது. டாக்டர் வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முகம் இறுகியது. "சாயங்காலம் வரைக்கும் பாப்போம். குடல் அசையலன்னா திரும்பத் திறந்து பாக்க வேண்டியிருக்கும்."

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். இப்போது கட்டடங்கள் மறைத்துவிட்டன. அந்த மலையைப் பார்த்தபடி வாய் ஓயாமல் நாராயணா, நாராயணா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அறுத்தால் அந்த உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரியும்.

சாயங்கால மில் சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருக்காது. உள்ளிருந்து நர்ஸ் குரல் வந்தது.

"அண்ணாச்சி! பிரிஞ்சிருச்சு!"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் கூச்சமே இல்லாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். கண்ணீர் தாரையாக வடிந்தது. இப்படியொரு சேதிக்குக் கும்பிட்டவன் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உள்ளே போனேன். அவள் போர்வையை முகம் வரை இழுத்து மூடியிருந்தாள்.

"ஊருக்கே தண்டோரா போட்டாச்சா?"

"கேட்டவியள்லாம் சந்தோசப்பட்டாவ" என்றேன்.

போர்வை குலுங்கியது. "சிரிக்க வைக்காதிய," என்றாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தையல் இழுக்குது."