துணி கட்டாத செடி

மணலோடு கலந்த தண்டுக்கீரை விதை விரலிடுக்கில் நழுவும்போது மணல் உறுத்தும், விதை வழுக்கும். கடுகைவிடச் சிறிய அந்தக் கறுப்பு வழுவழுப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.

புனேயின் கட்கியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பாத்திக்கு மண் இருந்தது. அங்கத்திய குளிர் இரவுகளில் அந்த விதை முளைக்காது என்பதால், ஹோலி கழிந்து தரை சுடத் தொடங்கிய பிறகே அம்மா விதைப்பாள். எறும்பு விதையை இழுத்துப் போகாமலிருக்கப் பாத்தியைச் சுற்றி நொய்யரிசி இறைப்பாள். "கொத்தா போடாதடி, நெருக்கியடிச்சிக்கிட்டு எல்லாம் சாவும்" என்பாள். வந்தவாசிப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து அவள் முடிந்துகொண்டு வந்த விதை அது. தண்டை நறுக்கினால் உள்ளே ரோஜா நிற வளையம் தெரியும். மாமா நிலத்தை விற்றபின் ஊரிலும் அது இல்லாமல் போயிற்று.

தடித்த செடி ஒன்றை விதைக்கு விடுவது அப்பாவின் பொறுப்பு. பழைய லுங்கியில் ஒரு கீற்றைக் கிழித்து அதன் இடுப்பில் கட்டி, "இது நிச்சயம் ஆன பொண்ணு, எவளும் கை வெக்கக் கூடாது" என்பார். மராத்தியில் 'காக்கு', அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிட்ட பக்கத்து வீட்டு மங்களுக்கும் அந்தத் துணியின் அர்த்தம் தெரியும். எங்கள் கீரையை அவரும் அவருடைய கொத்தமல்லியை நாங்களும் கேளாமலே பறிப்பது வழக்கம்.

1998 கோடையில் விதை டப்பாவைத் திறந்தபோது, முந்தைய மழைக்காலத்து ஈரத்தில் விதை பெரும்பாலும் பூசணம் பிடித்திருந்தது. மிஞ்சியதையெல்லாம் தூவினோம். முளைத்தவை கொஞ்சம், நின்று தடித்தது ஒன்றே ஒன்று. அதற்குத் துணி கட்டும் முன்பே, மே மாதத்துக் காலையொன்றில், வேலைக்குக் கிளம்பிய அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். எழவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மறுநாளும் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். காக்கு பாக்ரி என்கிற சோள ரொட்டியும், பூண்டு தாளித்து வேர்க்கடலைப் பொடி தூவிய கீரைத்தண்டும் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

"தோடா கா லோ, பாபி. ஆப்கே ஆங்கன் கா ஹீ ஹை." கொஞ்சம் சாப்பிடுங்க அண்ணி, உங்க முற்றத்துக் கீரைதான் என்று இந்தியில் கெஞ்சினார்.

தட்டு நிறைய ரோஜா வளையங்கள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாத. அவங்க தாங்க மாட்டாங்க."

ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். அதன்பின் அவள் எதையும் விதைக்கவில்லை.

அன்று பாபியைச் சாப்பிட வைத்தது தன் கைப்பக்குவம்தான் என்று காக்கு கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் ஆமாமென்று தலையசைப்பாள்.

இருவரும் போய்விட்டார்கள். குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். இப்போது நான் இருக்கும் நிக்டியில், என் பால்கனித் தொட்டியில் கடையில் வாங்கிய விதை நன்றாகவே முளைக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் முதல் தண்டை நறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். உள்ளே வெறும் வெளுப்பு.