பன்னிரண்டாவது கிராக்கர்

ஆகஸ்ட் 17, 1994. புதன்.

இன்றைய தவறு: காலைத் தாளில் "கிராக்கர் 10" என்று எழுதினேன். 12 என்று எழுதியிருக்க வேண்டும்.

நாட்குறிப்பில் அன்றைய தவறை முதலில் எழுத வேண்டும் என்பது என் மாலை வகுப்பு ஆசிரியை போட்ட சட்டம். எழுதிவிட்டேன். இதற்குக் கீழே வருவதை அவர் நம்பமாட்டார். நானே இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். ஆனால் இது நடந்தது. லீட்ஸ் நகரில், எங்கள் டிவி ஸ்டுடியோவில், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை.

கிறிஸ்துமஸ் அன்று நாடே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து பார்க்கும் சிறப்பு நிகழ்ச்சியை நாங்கள் ஆகஸ்டிலேயே எடுத்து முடித்துவிடுவோம். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடிக்கிறது. உள்ளே கம்பளிச் சட்டை போட்ட பதினோரு நடிகர்கள் வேர்வையில் ஊறியபடி, மூன்று நாள் பழைய வான்கோழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பொய்ச் சன்னலுக்கு வெளியே காகிதப் பனி கொட்டுகிறது.

என் வேலை கன்டினியூட்டி. யார் தலையில் எந்த நிறக் காகிதக் கிரீடம், யார் கிளாஸில் எவ்வளவு ஒயின் என்று டேக்குக்கு டேக் எழுதி வைப்பது. சேர்ந்து மூன்று வாரம். இதுவரை இரண்டு தவறு. வெள்ளிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பது இயக்குநர் ஹாலம் கையில்.

இன்று கிராக்கர் இழுக்கும் காட்சி. காகிதம் சுற்றிய உருளை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டென்று வெடிக்கும். பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ, உள்ளே மடித்து வைத்த காகிதக் கிரீடம் அவருக்கு. எல்லோரும் கைகளைக் குறுக்கே மாற்றிப் பக்கத்து ஆளோடு கோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இழுப்பார்கள்.

எங்கள் மேசைக்கு மூன்று பக்கம்தான் ஆட்கள். நாலாவது பக்கம் காமிராவுக்கு. பதினோரு பேர், நடுவே பத்து இடைவெளி, பத்து கிராக்கர். கூட்டிப் பார்த்தேன். விரல் விட்டும் எண்ணினேன். செட் சாமான்களைக் கவனிக்கும் கிளிஃபும் பத்துதான் கொடுத்தார்.

மதியம் 3:12. முதல் டேக். பத்தாவது வெடி முடிந்ததும் அப்பாவாக நடிப்பவர் தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

பட்... பட்.

வசனம் போயிற்று.

"எவன்டா அது?" ஹாலம் கத்தினார். "ஏம்மா லோர்னா, எத்தனை கொடுத்த?"

"பத்து சார்."

"பத்துக்குப் பன்னெண்டு வெடிக்குதா? எந்த ஸ்கூல்ல கணக்குப் படிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆல்வின் மட்டும் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றாமல் டேப்பைத் திரும்ப ஓடவிட்டார். "பன்னெண்டுதான் சார் இருக்கு."

3:50. இரண்டாவது டேக். புதிய பத்து கிராக்கர்கள். இம்முறை ஒவ்வொன்றையும் நானே தொட்டு எண்ணினேன்.

பன்னிரண்டு.

4:35. மூன்றாவது டேக்.

பன்னிரண்டு.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சரியாகச் செய்தும் தப்பு என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? மேசையின் இடது ஓரத்தில் இருந்த வயதான நடிகை தன் கையைத் தேய்த்துக்கொண்டே, "இந்தப் புழுக்கத்துல இந்த ஒரு கை மட்டும் ஏன்டி இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றாள். அது காமிரா பக்கத்துக் கை. அடுத்து ஆள் இல்லாததால் எதையும் பிடிக்காமல் சும்மா இருந்த கை.

ஹாலம் தாளைப் பிடுங்கி என் மடியில் எறிந்தார். "யாரோ விளையாடறாங்க. நீயா வேற யாராவான்னு எனக்குத் தேவையில்ல. நாளைக்குப் பத்து வெடிதான் கேக்கணும். பதினொண்ணு கேட்டா, வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட நீ காத்திருக்க வேணாம்."

கிளிஃப் மேசையின் காமிரா பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர்.

5:20. எல்லோரும் போனபிறகு செட்டுக்குத் திரும்பினேன். யாராவது இரண்டை ஒளித்து வைத்து வெடித்திருந்தால் துண்டு கிடக்கும் அல்லவா? பெரிய விளக்குகளை அணைத்திருந்தார்கள். ஒரே ஒரு பல்பு. முழங்காலில் நின்று தரையெல்லாம் பொறுக்கினேன்.

முதல் இரண்டு டேக்கின் குப்பையை அப்போதே கூட்டிவிட்டார்கள். மூன்றாவது டேக்கின் இருபது பாதிகள். பத்து கிராக்கர். ஒன்றுகூட அதிகம் இல்லை.

எழுந்தேன். மேசையின் காமிரா பக்க விளிம்பில் முழுசாக ஒரு கிராக்கர் இருந்தது. கிளிஃப் மறந்துவிட்ட உபரி என்று நினைத்தேன். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

மறுமுனை வரவில்லை.

எதிலோ சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

எதிலும் சிக்கவில்லை.

இழுத்தேன்.

மறுபக்கமும்... இழுத்தது.

பட்!

5:27.

என் கையில் சின்னத் துண்டு. பெரிய துண்டு... தரையில் இல்லை. மேசையில் இல்லை.

சத்தம் மட்டும் வந்தது. மெல்லிய காகிதத்தை யாரோ பிரிக்கிற சத்தம். நிதானமாக... ஒரு மடிப்பு... இன்னொரு மடிப்பு...

பிறகு...

சர்ர்ர்.

கிழிந்தது.

ஓடினேன்.

சாமான் அறையில் கிளிஃப் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த துண்டைப் பார்த்ததும் தேநீரைக் கீழே வைத்தார்.

"உக்காரு கண்ணு."

"கிளிஃப், காமிரா பக்கத்துல யாரு உக்காருவா?"

"யாரும் இல்ல. இந்த வருஷம் இல்ல." அலமாரியைத் திறந்து, பழைய கன்டினியூட்டி கோப்பை எடுத்து என் முன்னால் போட்டார். "ஹாலம் புதுசு, அவருக்குத் தெரியாது. நீயும் புதுசு. எட்டு வருஷமா அங்க வில்ஃப் டாஸ்கர்தான் உக்காருவான். காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. மாமா வேஷம். ஒரு வசனம் கிடையாது. அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நாட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது."

"இப்ப எங்க இருக்காரு?"

"போன கிறிஸ்துமஸ் அன்னிக்கு வீட்ல தனியா உக்காந்து நம்ம நிகழ்ச்சியப் பாத்துக்கிட்டே போய்ட்டான். ரெண்டு நாள் கழிச்சுக் கதவை உடைச்சாங்க. டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சாம்." கிளிஃப் என் கையிலிருந்த துண்டையே பார்த்தார். "கையில ஒரு கிராக்கர். வெடிக்கல. ஒத்தை ஆளா இழுக்க முடியாதுல்ல."

துண்டை மேசையில் வைத்தேன்.

"கதையில மாமா எங்க போனாருன்னு எழுத்தாளருங்க ஒரு வரி எழுதல. நாற்காலியை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்."

பேருந்தில் கோப்பைப் பிரித்தேன். எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவரின் கையெழுத்து, சுத்தமாக, கட்டம் கட்டி. எட்டு வருடமும் ஒரே வரிகள்.

ஆட்கள் 12. கிராக்கர் 12.

நாலாவது பக்கமும் ஆள் இருந்தால் வட்டம் மூடிவிடும்; அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிராக்கர்.

அதற்குக் கீழே: "வில்ஃப்: பச்சைக் கிரீடம். தலை பெரிது. போடும்போதே இடது பக்கம் கிழிந்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் கிழிந்தே இருக்க வேண்டும்."

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது மணி 7:40. கோப்புக்கு அடியில், மடங்காமல், ஒரு பச்சைக் காகிதக் கிரீடம் இருந்தது. நான் வைக்கவில்லை. கிளிஃபைத் தொலைபேசியில் கேட்டேன். அவரும் வைக்கவில்லை.

இடது பக்கம் கிழிந்திருந்தது.

நாளை செய்ய வேண்டியது: காலை 8:30க்குள் காமிரா பக்கம் ஒரு நாற்காலி போடுவது. கிளிஃபிடம் பன்னிரண்டு கிராக்கர் வாங்குவது. ஹாலம் என்ன கத்தினாலும் தாளில் 12 என்றே எழுதிக் கொடுப்பது. பச்சைக் கிரீடத்தை ஒட்டாமல், கிழிந்தபடியே, அந்த நாற்காலிக்கு எதிரே வைப்பது.