வாடகைக்கு வந்த வயலின்

போன செவ்வாய்க்கிழமை தாராவியிலிருந்து ஜெபா போன் செய்தார். "அண்ணாச்சி, உடனே வாங்க. வயலினக் காணோம்!"

திருட்டு என்று நினைத்து, செம்பூரில் ஆட்டோ பிடித்து ஓடினேன். போனால், திருடனும் இல்லை, பூட்டும் உடையவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் ஜெபா.

ஜெபாவை உங்களுக்குத் தெரியாது. நெல்லைப் பக்கத்துக்காரர். பத்துக்குப் பத்து அறையில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சர்ச் பாட்டு, கல்யாணப் பாட்டு, எலெக்‌ஷன் வந்தால் கட்சிப் பாட்டு... ஆனால் ஒரு வாத்தியக்காரர்கூட உள்ளே வந்ததில்லை. வயலின், தபேலா எல்லாமே சாஃப்ட்வேர்தான். முன்பெல்லாம் அதை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடலாம். இப்போது மாதச் சந்தா. கட்டுகிற வரைக்கும் வாசிக்கும்.

ஜெபா ஒழுங்காகக் கட்டியவர்தான். ஆனால் கம்பெனி அந்தப் பிளானையே நிறுத்திவிட்டது. புதுப் பிளானில் அந்த வயலின் கிடையாது. சனிக்கிழமை ஸ்டெல்லா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவள் சர்ச்சுக்குள் நடந்து வரும்போது ஒலிப்பதற்காக அவளே எழுதி, அவளே பாடிய பாட்டு இவர் கையில். பின்னணிக்கு வயலின் மட்டும்தான்; ஃபைனல் காப்பி இன்னும் எடுக்கவில்லை. ஃபைலைத் திறந்தால் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது.

"வேற வயலின் போட்டா முதல்லேர்ந்து பண்ணணும். சனிக்கிழமைக்குள்ள நடக்காது. நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் கேளுங்க அண்ணாச்சி. எத்தன வருசமா இருக்கேன்! நம்மளக் காலி பண்ண முடியாதுல்லா?" என்று தடியாக ஒரு ஃபைலை நீட்டினார். மாதாமாதம் கட்டிய பணத்துக்கான ரசீதுகள். அத்தனையும் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து!

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். தாராவிக்காரர்கள் பழைய லைட் பில்லைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள். நாளைக்குக் குடிசையை இடித்தால், இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தேன் என்று காட்டினால்தானே மாற்று வீடு கிடைக்கும்? அதே நியாயத்தை மனிதர் சாஃப்ட்வேருக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் என்ன தப்பு?

எழுதினேன். பதில் உடனே வந்தது. இத்தனை காலம் கூட இருந்ததற்கு நன்றியாம். ஆனால் அவர் வாங்கியது உபயோகிக்கும் அனுமதி மட்டும்தானாம்.

"அப்ப இத்தன வருசம் கெட்டினது?"

"வாடகை, ஜெபா."

ஃபைலை மூடி வைத்தார். பாவமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பிறகு சட்டென்று போனை எடுத்தாள்.

"அண்ணே, கேட்டுப் பாக்க வாட்ஸ்அப்ல ஒரு காப்பி அனுப்புனீங்கல்லா? அதுல வயலின் இருக்கே. அதையே போட்டுருவோம்!"

ஜெபா முகம் மலர வேண்டுமா இல்லையா? இன்னும் வெளிறிப் போனது. "அது வேண்டாம்மா... அது சும்மா சாம்பிள்."

"பரவால்லண்ணே. நான் இன்னும் முழுசாக்கூடக் கேக்கல. அது போதும்."

அவர் ஏன் மென்று விழுங்கினார் என்று சனிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

சர்ச் கதவு திறந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா நடந்து வந்தாள். வயலின் அவ்வளவு அழகு! முதல் சரணம் முடிந்ததும், ஸ்பீக்கரில் கணீரென்று ஜெபாவின் குரல் — "இது சாம்பிள் காப்பி. ஒரிஜினலுக்கு ஜெபா ஸ்டூடியோவை அணுகவும்!"

சாம்பிளை வாங்கிக்கொண்டு பணம் தராமல் நழுவுகிறவர்கள் உண்டு. அதனால் எல்லா சாம்பிளிலும் இப்படிப் பேசி வைப்பது அவர் வழக்கமாம். இரண்டாவது சரணத்துக்குப் பிறகும் அணுகச் சொன்னார். பாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தபடியே நடந்தாள். நல்ல பெண்.

வாங்கும்போது நமக்கு எல்லாம் சொந்தமாக வேண்டும். கொடுக்கும்போது மட்டும் ஒரு பூட்டுப் போட்டுத்தான் கொடுப்போம். ஜெபா மட்டுமா? நானும்தான்... நீங்களும்தான்.

தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ஜெபா என் காதில் முணுமுணுத்தார். "அந்தக் கம்பெனிக்காரனாவது பாட்டுக்கு நடுவுல வந்து பேசலயே அண்ணாச்சி!"